கில்கிலில் ஒரு பிடி கேழ்வரகு

2023 ஆகஸ்ட் மாதம். நைரோபியிலிருந்து நக்குரு போகும் மட்டாட்டு வேனில் ஏறி, நடுவழியில் கில்கிலில் இறங்கினேன். நிலநடுக்கோடு பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் காலை ஒன்பது மணிக்கும் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியவில்லை. ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர்.

வழியில் நைவாஷா ஏரிப் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பிளாஸ்டிக் பசுமைக்குடில்கள். உள்ளே ரோஜா. ஐரோப்பாவுக்கு விமானத்தில் போகும் பூ, ஏரித் தண்ணீரில் வளர்கிறது. புதிய பயிர் ரகத்தை உருவாக்கியவருக்கு அதன் மேல் உரிமை வழங்கும் யுபோவ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் கென்யா 1999ல் சேர்ந்தது. தொடக்க ஆண்டுகளில் அங்கே ரக உரிமை கேட்டு வந்த விண்ணப்பங்களில் பெரும்பங்கு ரோஜாக்களுக்குத்தான் என்று கூட வந்த தோழி சொன்னாள். அவள் நைரோபிப் பெண், கிகுயு பேசுகிறவள். அவளுடைய பாட்டி ஊருக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

பாட்டியை அங்கே 'ஷோஷோ' என்கிறார்கள். அன்று மாலைக்குள் நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன்.

ஷோஷோவின் தோட்டம் ஒரு ஏக்கர்கூட இருக்காது. நடுவில் மக்காச்சோளம், அதன் காலடியில் பீன்ஸ், வேலி ஓரம் கீரை. அந்தக் கீரைப் பாத்தியில்தான் என் கால் நின்றுவிட்டது. அவர் 'மனகு' என்றது நம் மணத்தக்காளிக் குடும்பம். 'தெரெரே' என்றது தண்டுக்கீரை. 'சாகா' என்று காட்டியது எங்கள் ஊர்க் காட்டில் தானாக முளைக்கும் நல்வேளை. பக்கத்தில் ஒரு கொடி படர்ந்திருந்தது, காயை உரித்துப் பார்த்தால் மொச்சை! கறுப்பாக, ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்ட மொச்சை. ஞாஹி என்று பெயராம். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முதலில் கொடுக்கும் சாப்பாடு அது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் ஏற்றுமதிக்கு ஏற்ற பீன்ஸ் ரகங்களைப் போடச் சொல்லி வற்புறுத்தியதில் ஞாஹி ஓரத்துக்குப் போய்விட்டது. மக்காச்சோளம் நடுவில் வந்து உட்கார்ந்ததும் அப்படித்தான். அதற்கு முன்னால் கேழ்வரகும் சோளமும் கம்பும்தான் இந்த மேட்டு நிலத்தின் சாப்பாடு. 1964ல் கிட்டாலே ஆராய்ச்சி நிலையத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் வந்தது. விளைச்சல் கூடியது உண்மை. ஒவ்வொரு பருவத்துக்கும் விதையைக் கடையில் வாங்க வேண்டியதானது, அதுவும் உண்மை.

சுவாஹிலியில் மக்காச்சோளத்துக்கு 'மஹிந்தி', என்னைப் போன்ற இந்தியருக்கு 'முஹிந்தி'. பிள்ளைகள் என்னைப் பார்த்து அந்தச் சொல்லைக் கூவிக்கொண்டே ஓடி வந்தார்கள்.

நான் தருமபுரிப் பக்கம் கேழ்வரகு தின்று வளர்ந்தவள். ராத்திரி ஷோஷோ கேழ்வரகு மாவும் சோள மாவும் கலந்து உகாலி கிளறினார். மரத்துடுப்பால் சட்டியின் ஓரத்தில் அழுத்திச் சுழற்றும் அந்தக் கை என் அவ்வாவின் கை. களிதான் அது, வேறு ஒன்றும் இல்லை. உருட்டி, நடுவில் குழி செய்து, கீரையைத் தொட்டு விழுங்கினேன். கேழ்வரகு பிறந்ததே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களில்தான். சோளம், கம்பு, தட்டைப்பயறு எல்லாமே ஆப்பிரிக்காவிலிருந்து பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் வந்தவை. யாரோ ஒருவர் இன்னொருவர் கையில் ஒரு பிடி விதை கொடுத்திருக்காவிட்டால் எங்கள் ஊரில் களியே இல்லை.

மறுநாள் ஷோஷோவின் 'சாமா' கூடியது. நம்மூர் மகளிர் குழு மாதிரி, மாதாமாதம் பணம் போட்டுச் சுழற்றும் குழு. வந்த பெண்கள் பணத்தோடு விதையும் கொண்டு வந்திருந்தார்கள். சுரைக்குடுக்கையில் சாம்பல் கலந்து வைத்த பீன்ஸ், துணியில் முடிந்த கேழ்வரகு, அடுப்புக்கு மேல் புகையில் தொங்கிய மக்காச்சோளக் கதிர். மழை தவறியபோது இந்த ரகம் நின்றது, அந்த ரகம் போனது என்று பேச்சு ஓடியது. 2020 முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து மழைப்பருவம் பொய்த்த நாடு அது. யாரிடம் எது மிச்சம் என்பதுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டிய செய்தி.

அப்புறம் கவனித்தேன், வாசல் கதவு சாத்தியிருந்தது. பகல் பதினோரு மணிக்கு ஏன் கதவைச் சாத்த வேண்டும் என்று கேட்டேன்.

"சட்டம் அப்படி," என்றாள் தோழி.

கென்யாவின் விதைகள், பயிர் ரகங்கள் சட்டத்தை 2012ல் திருத்தினார்கள். பதிவு பெறாத, சான்றிதழ் இல்லாத விதையை விற்பது, மாற்றிக்கொள்வது, பகிர்ந்துகொள்வது எல்லாம் அப்போது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் ஷில்லிங் வரை அபராதம். விதை ஆய்வாளர் வந்து விதை வங்கியைச் சோதனை போடலாம், எடுத்துக்கொண்டும் போகலாம். போலி விதையை விற்று விவசாயியை ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கத்தான் இந்தச் சட்டம் என்கிறது அரசு. போலி விதை பெரிய பிரச்சினைதான், சாமாவில் இருந்த பெண்களே அதில் பணம் இழந்திருக்கிறார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு குடுக்கை பீன்ஸ் கொடுப்பவளும் அதே வலைக்குள் விழுகிறாள். அந்த நாட்டின் 2010 அரசியலமைப்பில் 11ஆம் பிரிவு, நாட்டு விதைகளும் அவற்றின் பயன்பாடும் மக்களுக்கு உரியவை என்று ஏற்றுப் பாதுகாக்கச் சொல்கிறது. இதை வைத்துத்தான் 15 சிறு விவசாயிகள் 2022ல் மச்சாகோஸ் உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். நான் போயிருந்தபோது வழக்கு நடந்துகொண்டிருந்தது.

நம்மூர்க் கதையைச் சொல்லச் சொன்னார்கள். திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவைச் சொன்னேன். இரண்டு கிலோ விதை வாங்கிப் போனால் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவர் மீட்ட ரகங்கள் 174. இந்தியாவின் 2001 பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயி உரிமைச் சட்டத்தில் விவசாயி தன் விதையைச் சேமிக்கலாம், மாற்றலாம், வணிகப் பெயர் போடாமல் விற்கவும் செய்யலாம் என்றேன். ஒரு அம்மா கேட்டார்: "மேடை போட்டா கொடுத்தார்கள்? போலீஸ் வரவில்லையா?"

எனக்குத் தொண்டை அடைத்தது.

மரபணு மாற்றப் பயிர்கள் பற்றியும் பேச்சு வந்தது. அவற்றின் இறக்குமதிக்கு 2012ல் போட்ட தடையை 2022 அக்டோபரில் அமைச்சரவை நீக்கியது. வறட்சியைக் காரணம் காட்டினார்கள். அதன் மேலும் வழக்குகள் நடந்தன. சாமாவில் யாரும் விஞ்ஞானத்தைத் திட்டவில்லை. அவர்கள் கவலை மக்காச்சோளத்தின் மகரந்தத்தைப் பற்றியது. அது காற்றில் போகும் மகரந்தம், வேலியைக் கேட்டுக்கொண்டு நிற்காது. பக்கத்துக் காட்டில் மரபணு மாற்றிய மக்காச்சோளம் பூத்தால் என் கதிரில் விழுவது யாருடைய விதை, அடுத்த ஆண்டு அதை நான் எடுத்து வைத்தால் யாருடைய உரிமை என்று ஷோஷோ கேட்டார். உயிரியல் பாதுகாப்பு என்று பெரிய மாநாடுகளில் பேசப்படுவதன் சாரம் எனக்கு அந்தக் கேள்வியில்தான் விளங்கியது. ஒரு ஏக்கரும் இல்லாதவள் தன் கதிரைத் தனித்து வைக்க இடைவெளி விட எங்கே போவாள்? விதைப்பவரின் பொறுப்பு எது, பாதிக்கப்படுபவருக்கு யார் பதில் சொல்வது என்பதை அவளிடம் கேட்காமல் முடிவு செய்வது அநியாயம். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

கிளம்பும் முந்தைய மாலை ஷோஷோ செய்தித்தாளில் ஒரு பிடி கேழ்வரகு மடித்து என் கையில் வைத்தார். தோழியைப் பார்த்தேன். பயிர் நலச் சான்று இல்லாமல் விதையை விமானத்தில் கொண்டுபோகக் கூடாது. நோயும் பூச்சியும் விதையோடு நாடு தாண்டும் என்பதால் வைத்த விதி, அதை நான் மதிக்கிறேன். தயங்கித் தயங்கிச் சொன்னோம். ஷோஷோ கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, கொண்டுபோக முடியாவிட்டால் குடித்துவிட்டுப் போ," என்று பொட்டலத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். விடியற்காலையில் அந்தக் கேழ்வரகு கல்லில் அரைபட்டு உஜியாகக் கொதித்தது. நம் கூழேதான். இரண்டு குவளை குடித்தேன்.

2025 நவம்பர் கடைசியில் தோழி செய்தி அனுப்பினாள். மச்சாகோஸ் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. விதையைச் சேமித்துப் பகிர்ந்துகொள்ளும் விவசாயிகளைத் தண்டிக்கும் பிரிவுகள் அரசியலமைப்புக்கு எதிரானவை. செய்தியோடு ஒரு படமும் இருந்தது. ஷோஷோ வீட்டுத் திண்ணையில், வெயிலில், சுரைக்குடுக்கைகள் வரிசையாக. கூடவே ஷோஷோவின் குரல் பதிவு, தோழி மொழிபெயர்த்திருந்தாள்: "உன் ஊர்க் கேழ்வரகுக் காட்டைப் படம் பிடித்து அனுப்பு என்று அன்றே சொன்னேனே, எங்கே?"

எங்கள் காட்டில் இப்போது தக்காளிதான். அடுத்த ஞாயிறு மாமா ஊருக்குப் போனேன். அங்கே அறுவடை முடிந்து வெறும் தாள் நின்றது. அதைத்தான் எடுத்து அனுப்பினேன். கேழ்வரகோடு ஊடுபயிராகப் போட்டிருந்த மொச்சை மட்டும் பூத்து ஓரத்தில் படர்ந்திருந்தது.

பதிலுக்கு ஒரே ஒரு சொல் வந்தது: ஞாஹி!