மணலில் ஏறிய பிறகு கோர்ட்டுக்குப் போய் என்ன பயன்

2020 கொரோனா காலத்தில் துருக்கியில் கப்பல் உடைக்கும் அலியாகா கடற்கரையில் எடுத்த படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. ஐந்து சொகுசுக் கப்பல்கள் பக்கத்தில் பக்கத்தில் முகப்பைக் கரையில் முட்டிக்கொண்டு நின்றன, சிலவற்றின் மேல்தளங்கள் அதற்குள் பாதி பிய்க்கப்பட்டிருந்தன. மூன்று கார்னிவல் நிறுவனத்துடையவை, இரண்டு ஸ்பெயினின் புல்மன்டூர் கப்பல் நிறுவனம் நொடித்துப்போனபோது வந்தவை. பார்த்தவர்கள் பெரும்பாலும் கப்பலுக்காகத்தான் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்தை நான் குறை சொல்லவில்லை, ஒரு கப்பலில் சந்தோஷமாக இருந்தவர்களுக்கு அது உடைபடுவதைப் பார்ப்பது கஷ்டம்தான். எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கும்போது தோன்றுவது வேறு: அந்தக் கப்பல்களின் சுவரைப் பிரிப்பவர் மூச்சோடு எதை உள்ளே இழுக்கிறார் என்று அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்களா?

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது நம் நாட்டுக்கு வந்த ஒரு கப்பல். 'பிரான்ஸ்' என்று பெயர் வைத்து, பிரான்ஸ் அதிபர் டி கால் மனைவி கையால் 1960-ல் கடலில் இறக்கியது. 1962-ல் ஓட ஆரம்பித்தபோது உலகத்திலேயே நீளமான பயணிகள் கப்பல் அதுதான், 316 மீட்டர், 2004-ல் குயின் மேரி 2 வரும்வரை அந்தப் பெருமை அதனிடமே இருந்தது. எண்ணெய் விலை ஏறி, எல்லோரும் விமானத்தில் போகத் தொடங்கி, 1974-ல் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் நார்வேக்காரர்கள் வாங்கி 'நார்வே' என்று பெயர் மாற்றிக் கரீபியன் கடலில் இருபது வருடத்துக்கும் மேல் ஓட்டினார்கள். 2003 மே மாதம் மயாமி துறைமுகத்தில் நிற்கும்போது அதன் பாய்லர் வெடித்து ஊழியர்கள் 8 பேர் இறந்தார்கள். அதோடு அதன் பயணிகள் வாழ்க்கை முடிந்தது.

இந்தக் கப்பலைக் கட்டியவர்கள் தீ விபத்துக்கு ரொம்பவே பயந்தவர்கள். அதனால் மரத்தை ஒதுக்கினார்கள், உலோகமும் ஆஸ்பெஸ்டாஸும் தாராளமாகப் போட்டார்கள். நம் ஊரில் கூரைக்குப் போடும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் நார் சிமென்டோடு கெட்டியாகப் பிணைந்திருக்கும். கப்பலின் குழாய்களைச் சுற்றியும் பாய்லர் அறையிலும் போடும் காப்பு பல சமயம் அப்படி இல்லை, பழசானால் கை பட்டாலே பொடியாக உதிரும். அந்தத் தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் நோய் வெளியே தெரிய இருபது, முப்பது வருடம்கூட ஆகும். பயணிகளைத் தீயிலிருந்து காப்பாற்ற வைத்த அதே பொருள், நாற்பத்தைந்து வருடம் கழித்து அதைப் பிரிக்கும் ஆளின் நெஞ்சுக்குள் போகிறது. இந்தக் கப்பலில் மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பொருள் ஆயிரம் டன்னுக்கு மேல் இருந்தது.

2005-ல் ஜெர்மனியின் பிரேமர்ஹாவனிலிருந்து மலேசியாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். அங்கிருந்து கைமாறியது, பெயர் 'ப்ளூ லேடி' ஆனது. இந்தத் தொழிலில் இது வழக்கமான முறை. கம்பெனி தன் கப்பலைத் தானே உடைக்கும் கரைக்குக் கொண்டுபோகாது, ரொக்கம் கொடுத்து வாங்கும் இடைத்தரகர் ஒருவருக்கு விற்றுவிடும், அவர் பெயரை மாற்றுவார், கொடியை மாற்றுவார், கடைசிப் பயணத்துக்கு மட்டும் ஏதோ ஒரு சின்னத் தீவு நாட்டின் கொடி ஏறும். கரையில் ஏறும்போது அந்தக் கப்பலில் லாபம் பார்த்தவர் யாரும் அதன் காகிதத்தில் இருக்க மாட்டார்.

பங்களாதேஷ் 2006 தொடக்கத்தில் ப்ளூ லேடியை உள்ளே விட மறுத்துவிட்டது. அதே சமயத்தில் பிரான்ஸ் கடற்படையின் கிளெமான்சோ என்ற விமானம் தாங்கிக் கப்பலும் உடைப்பதற்காக நம் குஜராத்தின் அலங் கரைக்கு வந்துகொண்டிருந்தது, அதிலும் ஆஸ்பெஸ்டாஸ், பெரிய எதிர்ப்பு கிளம்பியது, அதிபர் சிராக் திரும்பி வரச் சொல்லிவிட்டார். அரசாங்கத்தின் கப்பல் என்பதால் அது நடந்தது, பிறகு இங்கிலாந்தில் முறையாகப் பிரித்தார்கள். ப்ளூ லேடியைத் திரும்பக் கூப்பிட யாரும் இல்லை.

சரி, நம் பக்கம் என்ன நடந்தது? இந்தக் கப்பலை இங்கே உடைக்க விடலாமா என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. மழைக்காலம் வந்துவிட்டது, கடலில் நிற்பது ஆபத்து, மனிதாபிமான அடிப்படையில் இந்தியக் கடல் எல்லைக்குள் வர விடுங்கள் என்று கேட்டு 2006 ஜூனில் அனுமதி வாங்கினார்கள். ஆகஸ்ட் நடுவில் அலங் கரையில் ஏற்றிவிட்டார்கள். உடைக்கலாம் என்ற இறுதித் தீர்ப்பு வந்தது 2007 செப்டம்பர் 11 அன்று. ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து!

அலங் கரையைப் பற்றித் தெரிந்தால்தான் இதன் முழு அர்த்தமும் புரியும். காம்பத் வளைகுடாவில் கடல் மட்டம் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது கப்பலை மணலை நோக்கிச் செலுத்துவார்கள், தண்ணீர் வடிந்ததும் அது அப்படியே தரையில் நிற்கும். அவ்வளவு பெரிய உருவத்தை அதற்குப் பிறகு மிதக்க வைத்துத் திருப்பி அனுப்புவது நடக்கிற காரியமில்லை. கோர்ட்டிலும் அதுதான் வாதமாக வந்தது. அந்த ஆகஸ்ட் மாதக் கடல் ஏற்றத்தோடு முடிந்துபோன விஷயத்தைத்தான் வக்கீல்கள் பதின்மூன்று மாதம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது என் கருத்து.

தீர்ப்பில் இரண்டு எண்கள் வரும். 700 பேருக்கு வேலை, 41,000 டன் இரும்பு. அந்த இரும்பு நாட்டுக்குத் தேவை, அதனால் சுரங்கம் தோண்டுவது அந்த அளவுக்குக் குறையும், வேலைவாய்ப்பும் சூழலும் சமன் செய்யப்பட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. இதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அலங் வருபவர்களுக்கு ஊரில் அந்தக் கூலி கிடைக்காது. கப்பல் இரும்பு உண்மையாகவே மறுபடி கம்பியாகி வீடாகிறது. நாற்காலி, மெத்தை, சமையலறைப் பாத்திரம் வரை எல்லாம் அந்த ரோட்டோரக் கடைகளில் விலைபோகிறது.

ஆனால் அதே வழக்குக்காக அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கையில் வேறு எண்கள் இருக்கின்றன. ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்த தொழிலாளிகளின் எக்ஸ்ரே பார்த்ததில் 16 சதவீதம் பேருக்கு நோயின் அறிகுறி. விபத்துச் சாவு ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 2, சுரங்கத் தொழிலில் அது 0.34. பக்கத்து சோசியா கிராமத்து சர்பஞ்ச், அதாவது ஊராட்சித் தலைவர், 30,000 மக்கள் சார்பில் இந்தக் கப்பல் வேண்டாம் என்று மனு போட்டார். 700-ஐயும் 41,000-ஐயும் எடைபோட்டவர்கள் அந்த 16-ஐ எந்தத் தட்டில் வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை கோபம் அடங்கவில்லை. அந்த 16 சதவீதம்கூட அப்போது அங்கே இருந்தவர்களில் பார்த்த கணக்குதான். இரண்டு சீசன் வேலை பார்த்துவிட்டு ஊருக்குப் போனவருக்கு ஐம்பது வயதில் மூச்சு வாங்கினால் அதை டாக்டர் காசநோய் என்று எழுதலாம், பீடி என்று சொல்லலாம், ப்ளூ லேடியோடு அதை இணைத்துப் பார்க்க எந்தப் பதிவேடும் கிடையாது.

கடைசி நேரத்தில் மறுத்தாலும் தீர்வு இல்லை என்பதையும் பார்த்துவிட்டோம். 2009-ல் 'பிளாட்டினம் 2' என்ற பெயரில் 1951-ல் கட்டிய இன்னொரு பயணிகள் கப்பல் அலங் பக்கம் வந்தது, முன்னாள் அமெரிக்க 'இன்டிபென்டன்ஸ்'. மத்திய அரசு அனுமதி மறுத்தது. அது கோப்நாத் அருகே தரைதட்டி அங்கேயே உடைந்தது.

கப்பல்களைப் பாதுகாப்பாக உடைப்பதற்கான ஹாங்காங் சர்வதேச ஒப்பந்தம் 2025 ஜூன் 26 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது, இந்தியா 2019-லேயே சேர்ந்து தனிச் சட்டமும் போட்டது. கப்பலில் எந்த ஆபத்தான பொருள் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும் என்கிறது, அது பெரிய முன்னேற்றம், மனசாரச் சொல்கிறேன். அலங்கில் கப்பல் உடைக்கும் இடங்கள் பல இப்போது கான்கிரீட் தளம் போட்டு மாறியிருக்கின்றன. ஆனால் மணலில் ஏற்றுவதை ஒப்பந்தம் தடுக்கவில்லை, கடைசிப் பயணத்தில் கொடி மாற்றுவதையும் தடுக்கவில்லை. புதிதாக ஆஸ்பெஸ்டாஸ் வைப்பது முழுசாகத் தடையானது 2011-ல்தான், அதனால் தொண்ணூறுகளில் கட்டிய சொகுசுக் கப்பல்கள் இனி வரிசையாக வரும்போது அவற்றோடு அதுவும் வரலாம்.

எனக்குத் தெரிந்து நியாயமான வழி, கப்பல் டிக்கெட் விற்றுச் சம்பாதிக்கும் காலத்திலேயே அதை உடைப்பதற்கான பணத்தைக் கட்டிவிட வைப்பது. ஐரோப்பியத் துறைமுகத்தில் நுழையும் ஒவ்வொரு கப்பலிடமும் இதற்கென்று உரிமக் கட்டணம் வாங்கலாமா என்று ஐரோப்பிய ஆணையம் 2016-ல் ஆய்வே நடத்தியது, அப்புறம் அது நகரவில்லை. அந்தப் பணம் இருந்தால் சுவரைப் பிரிப்பவருக்கு முகக் கவசம் மட்டுமல்ல, அவர் எந்த மாவட்டத்துக்குத் திரும்பிப் போனாலும் வருடம் ஒரு முறை எக்ஸ்ரே எடுக்க வழி இருக்கும். எந்தக் கப்பலில், எந்த வருடம் வேலை பார்த்தார் என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுப்பதற்கு அந்தப் பணம்கூட வேண்டாம், அதை நாளைக்கே அலங்கில் ஆரம்பிக்கலாம்.