விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) செய்முறைத் தேர்வில் ஃபிளாட் லே: முதலில் கேமரா, பிறகு பொருள்

தயாரிப்புப் புகைப்படம் என்று வினா வந்தால், மேலிருந்து நேர்கீழாக எடுக்கும் ஃபிளாட் லேயைத்தான் மாணவர்களில் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மாடல் தேவையில்லை, ஸ்டுடியோ விளக்கும் தேவையில்லை. ஒரு ஜன்னல், ஒரு பலகை, பத்துப் பொருள் போதும். இதில் மதிப்பெண் போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: மேசைப் பக்கத்தில் நின்றபடி எல்லாவற்றையும் அழகாக அடுக்கி முடித்துவிட்டு, அப்புறம் கேமராவைத் தூக்குகிறார்கள். நின்று பார்க்கும் கண் சாய்வாகப் பார்க்கிறது. லென்ஸ் செங்குத்தாகப் பார்க்கிறது. கண்ணுக்குப் பிடித்த அடுக்கு லென்ஸுக்குத் தட்டையாகத் தெரியும். ஒளி, கேமரா, பொருள் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

ஃபில்டர் காபித் தூள் பாக்கெட்டுக்கு ஒரு விளம்பரப் படம் என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட், பித்தளை டபரா டம்ளர், காபி ஃபில்டர், வறுத்த கொட்டை, ஒரு கரண்டி, ஒரு துணி.

நேர் வெயில் விழாத ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். வெயில் விழுந்தால் டிரேசிங் பேப்பரையோ ஒற்றை மடிப்பு வெள்ளை வேட்டியையோ கட்டிவிடலாம். அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் நிழல் ஒரு நிறமாகவும் வெளிச்சப் பகுதி இன்னொரு நிறமாகவும் விழும். எடிட்டிங்கில் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய முடியாது. பலகையை ஜன்னலை ஒட்டி வைத்தால் ஒரு ஓரம் வெளுத்து, மறு ஓரம் இருண்டுவிடும். மூன்று நான்கு அடி தள்ளினால் ஓரளவு சமப்படும்.

ஒளி படத்தின் மேல் ஓரத்திலிருந்தோ மேல் இடது மூலையிலிருந்தோ வர வேண்டும். வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் மூளை எடுத்துக்கொள்ளும். படத்தின் கீழ் ஓரத்திலிருந்து ஒளி வந்தால் குழிந்த டபரா மேடுபோலத் தெரியும். படத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றும், என்ன என்று பிடிபடாது. படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் விளங்கிவிடும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளை தெர்மோகோல் ஒன்றை நிறுத்துங்கள். கிட்டே கொண்டுவந்தால் நிழல் மெலியும், தள்ளினால் ஆழமாகும். நிழலே இல்லாமல் செய்துவிடாதீர்கள்: மேலிருந்து எடுக்கும் படத்தில் பொருளின் உயரத்தைச் சொல்வது நிழல் மட்டும்தான். கேமராவின் சொந்த ஃபிளாஷ் கூடவே கூடாது.

அடுத்தது கேமரா. கிராப் சென்சார் (முழுச் சட்டகத்தைவிடச் சிறிய சென்சார்) கேமராவும் அதோடு வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸும்தான் பலரிடம் இருக்கும். 90 செ.மீ. அகலப் பலகை முழுதும் விழ, 35 மி.மீ.யில் சுமார் 1.35 மீட்டர் உயரம் வேண்டும், 18 மி.மீ.யில் 70 செ.மீ. போதும். உயரம் குறைகிறதே என்று 18-க்குப் போனால் என்ன ஆகும்? நடுவிலிருந்து 40 செ.மீ. தள்ளி நிற்கும் 20 செ.மீ. உயர ஃபில்டரின் தலை, 35-ல் சுமார் 7 செ.மீ. வெளிப்பக்கம் சாயும், 18-ல் 16 செ.மீ. சாயும். விழப்போவதுபோல இருக்கும். ஆகவே உயரமான பொருளை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் படுக்க வையுங்கள். மேசை மேல் 1.35 மீட்டர் என்றால் ஸ்டூலில் ஏற வேண்டியிருக்கும். பலகையைத் தரையில் போடுவதே மேல். செல்பேசியில் எடுப்பவர்களும் 2x வைத்து உயரத்தைக் கூட்டுவது நல்லது.

டிரைபாடின் குறுக்குக் கை நீளும் திசையிலேயே ஒரு கால் இருக்கட்டும். எதிர்முனையில் ஒரு பையைக் கட்டித் தொங்கவிடுங்கள். சென்சார் பலகைக்கு இணையாக இருக்கிறதா என்பதை நீர்மட்டத்தால் பாருங்கள். ஐபோனில் கிரிட் அல்லது லெவலை இயக்கிக் கீழ்நோக்கிப் பிடித்தால் இரண்டு கூட்டல் குறிகள் வரும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். ஒரு பாகை சாய்ந்தாலும் பலகையின் இணை ஓரங்கள் சரிவகமாகிவிடும், தேர்வாளர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளை அளவு) 8, 2 விநாடி டைமர். ஷட்டர் எவ்வளவு மெதுவாகப் போனாலும் டிரைபாட் பார்த்துக்கொள்ளும். வெள்ளைப் பின்னணி என்றால் கேமரா அதைச் சாம்பலாக்கும், எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்ச ஈடுகட்டல்) +0.7 முதல் +1 வரை கூட்டுங்கள். கருமரம் என்றால் −0.7. வெள்ளைச் சமநிலையை (வொயிட் பேலன்ஸ்) ஆட்டோவில் விடாதீர்கள். பழுப்புப் பொருள் கூடக்கூட ஒவ்வொரு படத்திலும் நிறம் மாறும்.

இனி அடுக்கலாம், திரையைப் பார்த்தபடி. முதலில் பாக்கெட் மட்டும். நேராக வைத்தால் கச்சிதமாக நேராக, சாய்த்தால் 15 பாகையாவது தெரியும்படி சாயுங்கள். 3 பாகைச் சாய்வு கவனக்குறைவாகவே படும். எல்லாவற்றையும் செங்கோணத்தில் அடுக்கும் நோலிங் முறையையும் முயலலாம். 1987-ல் ஃபிராங்க் கெரியின் அறைகலன் பட்டறையில் ஆண்ட்ரூ க்ரோமலோ கருவிகளை அடுக்கிவைத்ததில் தொடங்கி, டாம் சாக்ஸ் என்ற சிற்பியால் பரவியது அது. ஆனால் உணவுப் பொருளுக்கு அது கொஞ்சம் விறைப்பு என்பது எங்கள் எண்ணம்.

பாக்கெட்டுக்கு அடுத்து டம்ளர், பிறகு ஃபில்டர். மூன்றும் ஒரே கோட்டில் நிற்காமல் முக்கோணமாகட்டும். இரண்டு பொருள்களின் விளிம்புகள் உரசி நிற்கக் கூடாது: ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும், அல்லது ஒரு விரல் இடைவெளி வேண்டும். படத்தின் ஓரத்துக்கும் இதே விதி. துணியோ கரண்டியோ வெளியே போகிறது என்றால் மூன்றில் ஒரு பங்காவது போகட்டும். எழுத்து வரப்போகும் இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பாக்கெட்டுக்கு அடியில் ஒரு தீப்பெட்டியைப் படுக்கையாக வைத்தால் அது பின்னணியிலிருந்து பிரிந்து எழும். கொட்டையைக் கையால் ஒவ்வொன்றாக அடுக்காதீர்கள். 50 கிராமை ஒரு சாண் உயரத்திலிருந்து கொட்டிவிட்டு, வேண்டாததை மட்டும் எடுங்கள்.

காபிதான் படுத்தும். டம்ளரின் வாய் மட்டுமே தெரிவதால், பாதி ஊற்றினால் வெறும் இருட்டுக் குழி. விளிம்புவரை நிரப்புங்கள். நுரை சில நிமிடங்களில் அமுங்கிவிடும். சோதனைப் படமெல்லாம் காலி டம்ளரோடு முடியட்டும், ஆற்றி ஊற்றுவது கடைசி வேலை. பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, துணியால் பிடித்து வையுங்கள். அதில் உங்கள் சட்டையும் தெரியும், கறுப்போ சாம்பலோ உடுத்திப் போங்கள். பளபளப்பான பாக்கெட்டில் வெள்ளைப் பட்டை விழுந்தால் சற்றே திருப்புங்கள்; நகரும். தூள் சரிந்து பாக்கெட் சுருங்கியிருந்தால், காலிசெய்து அட்டை செருகிவிடலாம்.

(சாப்பாடு வினாவாக வந்து வாழையிலை போட்டால், நுனி உண்பவரின் இடப்பக்கம். ஒளியமைப்பைக் கோட்டைவிடும் தேர்வாளர்கூட இதை விடமாட்டார்.)

ரெக்கார்டில் முடிந்த படத்தை மட்டும் ஒட்டாமல், மேலிருந்து பார்த்த ஒளி வரைபடத்தையும் ஜன்னல், தெர்மோகோல், கேமரா தூரங்களையும் குறித்துவையுங்கள். வைவாவில் ‘ஏன் எஃப் 8, ஏன் 22 இல்லை’ என்று கேட்பார்கள். எல்லாப் பொருளும் ஏறக்குறைய ஒரே தளத்தில் இருப்பதால் 8-லேயே கூர்மை கிடைத்துவிடும். 22-ல் துளை மிகச் சிறிதாவதால், ஒளி விளிம்பில் வளைந்து (டிஃப்ராக்ஷன்) படம் மெலிதாகக் குழையும். பொலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் லென்ஸ் வடிகட்டி) பற்றியும் கேட்கலாம்: லேமினேட் தாளின் பளபளப்பை அது குறைக்கும், வெறும் பித்தளையில் பலிக்காது.

பிரிண்ட் 8×12 அங்குலம் என்றால் 300 டிபிஐ-க்கு 2400×3600 பிக்சல் தேவை. அதே படத்தை 4:5-ஆகவும் வெட்டித் தரச் சொன்னால் நீளப் பக்கத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். அந்த அளவு இடத்தை எடுக்கும்போதே ஓரங்களில் விட்டுவையுங்கள்.