மெட்டு இல்லாத பெட்டிகள்

நாட்டார் பாடகர் ஒருவரின் பெயரால் நடக்கும் அருங்காட்சியகத்தில் எனக்கு வேலை. அதுவும் பின்கட்டில், ஆவணக் காப்பகத்தில். முன்கூடத்துக்கு வருகிறவர்கள் நேராக அவருடைய வாத்தியத்திடம் போவார்கள். ஒரு படம் எடுத்துக்கொண்டு, "இதை இப்ப யாராவது வாசிப்பாங்களா?" என்று கேட்பார்கள். மாட்டார்கள். பின்கட்டில் அதுவும் கிடையாது. அலமாரி நிறையப் பெட்டிகள், பெட்டி நிறையக் காகிதம்.

பாட்டுக்காரரின் காப்பகத்தில் பாட்டுச் சத்தம் இவ்வளவு குறைவாக இருக்கும் என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பதில்லை. அமெரிக்க நாட்டார் பாடகர் வூடி கத்ரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1912இல் ஓக்லஹோமாவில் பிறந்து, 1967இல் ஹண்டிங்டன் என்ற பரம்பரை நரம்பு நோயால் இறந்தவர். ஏறத்தாழ 3,000 பாட்டுகள் எழுதிவைத்தார். ஒலிப்பதிவானவை அதில் சிறு பகுதிதான். ஸ்வரம் குறித்துவைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. டல்சா நகரில் 2013இல் திறந்த வூடி கத்ரி மையத்தில் அவருடைய நோட்டுகளும் தாள்களும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் மெட்டு அவரோடு போய்விட்டது.

குரல் கிடைத்தாலும் லேசில் கைக்கு வராது. 1949இல் அமெரிக்காவின் நூவர்க் நகரில் கத்ரி பாடியதை ஒருவர் கம்பியில் பதிந்துவைத்திருந்தார். தலைமுடி அளவு எஃகுக் கம்பி. சிக்கும், முறுகும், வேகம் மாறும். கணிதப் பேராசிரியர் ஒருவரும் சேர்ந்து உழைத்து அதை நேராக்கினார்கள். அந்தத் தொகுப்புக்கு 2008இல் கிராமி விருது கிடைத்தது. எங்களிடம் கம்பி இல்லை, ஸ்பூல் நாடாக்கள்தான். அசிடேட் நாடா கெட ஆரம்பித்தால் பெட்டியைத் திறந்ததுமே காடி வாடை வரும். எழுபது, எண்பதுகளின் சில நாடாக்களில் காந்தப்பொடியை ஒட்டிவைக்கும் பசை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். ஐம்பது டிகிரிச் சூட்டில் பல மணி நேரம் வைத்தெடுத்து, தாமதிக்காமல் நகலெடுத்துவிட வேண்டும். ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும், குறுக்குவழி இல்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. பாட்டுக்கு நடுவே எங்கள் பாடகர் தொண்டையைக் கனைப்பதும், யாரோ வேறு பாட்டுக் கேட்பதும், 'அது ராத்திரிக்கு' என்று அவர் தட்டிக்கழிப்பதும் அந்த நேரத்தில்தான் காதில் விழுகின்றன.

தலைவலி கொடுப்பது கேட்லாக் படிவம். 'இயற்றியவர்' என்று ஒரே ஒரு கட்டம். நாட்டார் பாட்டுக்கு அதில் என்ன எழுத? கத்ரி 1940 பிப்ரவரியில் எழுதிய மிகப் புகழ்பெற்ற பாட்டான 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' மெட்டே, கார்ட்டர் குடும்பம் என்ற நாட்டார் இசைக் குழுவினர் அதற்கு முன்பு பாடிப் பதிந்த பாட்டை ஒட்டியதுதான். அவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தேடினால் தேவாலயப் பாட்டுகள் பக்கம் போகும். கத்ரியின் கைப்பிரதியில் பல்லவியின் ஈற்றடியை அவர் அடித்துவிட்டு மாற்றியிருப்பதும் தெரியும். நூலகத்துக்கென்று செய்த படிவத்தில் இதற்கெல்லாம் இடமில்லை.

மெட்டில்லாத தாள்களை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம் ஓயாது. பூட்டிவைப்பதே பாதுகாப்பு என்பது ஒரு கட்சி. நான் எதிர்க்கட்சி. கத்ரியின் மகள் நோரா, அப்பாவின் தாள்களை ஆங்கிலேயப் பாடகர் பில்லி பிராக்கிடம் கொடுத்துப் புது மெட்டுப் போடச் சொன்னார். அவரும் வில்கோ என்ற அமெரிக்க ராக் இசைக் குழுவும் சேர்ந்து பாடிய தொகுப்பு 1998இல் வந்தது. 'அவர் இப்படியா பாடியிருப்பார்?' என்று கேட்பவர்கள் உண்டு. பாடியிருக்க மாட்டார்தான். அவரே அடுத்தவர் மெட்டை எடுத்துத் தன் இஷ்டத்துக்கு வளைத்தவர், இதில் குறை சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

வாசிப்பறைக்கு வரும் இளம் பாடகர்களுக்கு இப்போது நகல் கொடுக்கிறோம், உரிமைதாரர் ஒப்புதலோடு. மெட்டுப் போட்டால் பதிவின் ஒரு பிரதியை எங்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. வந்ததையும் பழையதையும் ஒரே அடுக்கில் வைத்தால் குழப்பம் வரும் என்கிறார் சக ஊழியர். வரட்டும். படிவத்தில் 'மெட்டு' என்று ஒரு கட்டமும் 'ஆண்டு' என்று ஒரு கட்டமும் கூடுதலாகச் சேர்த்தால் தீர்ந்தது.