ஒரே வீட்டுக்கு இரண்டு மதிப்பெண்கள்

இந்நாட்டிற்கு வந்த எட்டாவது மாதத்தில், குடும்ப மருத்துவரின் காத்திருப்பறையில் எனக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார்கள். அதில் குடும்பத்தைப் பற்றி ஐந்தே கேள்விகள் இருந்தன. ஏறக்குறைய எப்போதும் என்றால் 2, சில நேரங்களில் என்றால் 1, அரிதாக என்றால் 0. கேப்ரியல் ஸ்மில்க்ஸ்டீன் என்ற மருத்துவர் 1978இல் வெளியிட்ட குடும்ப ஆப்கார் கேள்வித்தாள் அது என்பதையும், மொத்தம் 7 முதல் 10 வரை வந்தால் குடும்பம் நன்றாக இயங்குவதாகக் கொள்வார்கள் என்பதையும் பின்னர்தான் அறிந்தேன். நான் 10 போட்டேன். அவள் போட்டது 5.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. விசா, வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை என்று ஒவ்வொன்றையும் அலைந்து முடித்திருந்தேன். எந்தக் கட்டணமும் தவணை தப்பியதில்லை. இதற்கு மேலும் ஒரு குடும்பம் எப்படி இயங்க வேண்டும் என்று நினைத்தேன்.

இரவு இரண்டு தாள்களையும் மேசையில் விரித்தோம். மனம் கலங்கும்போது குடும்பத்தாரை நாட முடிகிறதா என்ற முதல் கேள்வியில், அவள் 1 என்று எழுதி, அடித்து, 0 ஆக்கியிருந்தாள். குடும்பம் என்ற சொல்லை நான் இந்தக் கூரையின்கீழ் உள்ள நால்வர் என்று படித்திருந்தேன். அவளோ அதில் தன் தாயையும் தமக்கையையும் தேடியிருக்கிறாள், அவளுக்கு அழுகை வரும் நேரத்தில் அவர்கள் உறங்கிக்கொண்டிருப்பார்கள். கலந்து பேசுவது பற்றிய இரண்டாம் கேள்விக்கு நான் தயங்காமல் 2 போட்டிருந்தேன். “முடிவெடுத்துவிட்டு வந்து சொல்வதும் கலந்து பேசுவதும் ஒன்றா?” என்று கேட்டாள். வீடு மாறிய செய்தியை நான் அவளிடம் சொன்னது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு.

ஒவ்வொரு திருமணத்திலும் அவனுடையது, அவளுடையது என இரண்டு திருமணங்கள் உண்டு என்று சமூகவியலாளர் ஜெஸ்ஸி பெர்னார்ட் 1972இலேயே எழுதிவிட்டார். உளவியலாளர்கள் ராஸ், சிகோலி ஆகிய இருவரின் 1979ஆம் ஆண்டு ஆய்வில், வீட்டுப் பொறுப்புகளில் தத்தம் பங்கு எவ்வளவு என்று 37 தம்பதியரைக் கேட்டபோது, பெரும்பாலான இணையரின் விடைகளைக் கூட்டினால் முழுமையையும் தாண்டியது. தான் பட்ட பாடு தனக்கு எளிதில் நினைவுக்கு வருவதே காரணம். ஆயினும் எங்கள் வேறுபாடு முழுவதையும் ஆண், பெண் என்ற கணக்கில் எழுத எனக்கு விருப்பமில்லை. மொழி தெரியாமல் பகல் முழுவதும் வீட்டில் இருந்தவன் நானாக இருந்திருந்தால், தாள்கள் இடம் மாறியிருக்கக்கூடும். இங்கு வருவதற்கு முன்பும் நான் அவளை அதிகம் கேட்டதில்லை. அப்போது அந்தக் குறையைத் தமக்கை நிரப்பியதால் அது எவர் கண்ணிலும் படவில்லை, அவ்வளவே.

ஆறு மாதம் கழித்து அதே தாள் மீண்டும் வந்தது. மொழி வகுப்பில் சேர்ந்திருந்த அவள் 7 போட்டாள். நான் 8. என் வேலை ஒப்பந்தம் முடியப்போவதை மூன்று வாரமாக எவரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன் என்பது, முதல் கேள்விக்கு எதிரே பேனாவை வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது.