ஏஞ்சல் டிரம்பெட்: சித்திரையைத் தாண்ட வைக்கும் வழி

எக்காளம் போலப் பூ தொங்கும் ஏஞ்சல் டிரம்பெட் செடியைப் பற்றித் தேடினால் கிடைப்பதெல்லாம் குளிர்நாட்டுப் பக்குவம். உறைபனியில் மேல்செடி கறுத்துவிடும். முழங்கால் உயரத்துக்கு வெட்டி, தூரில் காய்ந்த சருகைக் குவித்தால், மண் உறையாத வரை வேர் பிழைத்துத் துளிர்க்கும். பாளையங்கோட்டையில் மார்கழியும் தையும் இந்தச் செடிக்குக் கொண்டாட்டம். வெயிலால் வரும் கண்டம் பங்குனியிலிருந்து ஆனி வரைதான்.

முதலில் ரகம். வெள்ளை, பீச் நிறப் பூக்கள் உள்ளவை ஓரளவு தாங்கும். சிவப்பும் மஞ்சளுமாக ஒல்லிக் குழல் போலப் பூக்கும் சாங்குவினியா என்ற ரகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை உயரத்துச் செடி. மாஞ்சோலை போன்ற மலை இடத்தில் முயன்று பார்க்கலாம், கீழே காசு வீண்.

மாசிக் கடைசியில் மூன்றில் ஒரு பங்கு கிளையைக் கழித்துவிடுங்கள். இலை குறைந்தால் வேர் ஏற்ற வேண்டிய தண்ணீரும் குறையும். எங்கே வெட்டுகிறோம் என்பது முக்கியம். தண்டு நேராக வளர்ந்து ஓரிடத்தில் கவட்டையாகப் பிரியும். பூ அதற்கு மேலேதான். கவட்டைக்குக் கீழே வெட்டினால், புதுத்தண்டு மறுபடி வளர்ந்து கவட்டை விட்ட பிறகே மொட்டு வரும். சந்தேகம் இருந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள்: பூக்கும் பகுதி இலையின் அடியில், காம்பின் ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயுமாகக் கோணலாக இருக்கும். அப்படி இலை உள்ள கிளையில் பென்சில் தடிமனில் ஓரடிக் கம்பு வெட்டி, ஈர மணலில் நிழலில் ஊன்றி வைத்தால், தாய்ச்செடி போனாலும் வம்சம் போகாது.

கிழக்கு வாசல் பக்கம், பத்து மணி வரை வெயில், பிறகு முருங்கை நிழல்: இதைவிட நல்ல இடம் இல்லை. தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், வைத்தால் பாதி வெயிலை மறைக்கும் பச்சை வலை கட்டாயம். கறுப்புத் தொட்டியை நேரடி வெயிலில் வைக்கவே கூடாது, வேர் வெந்துவிடும். பெரிய தொட்டிக்குள் சின்னத் தொட்டியை இறக்கி, இடைவெளியில் தேங்காய் நாரை அடைப்பது நல்ல உபாயம். தரையில் என்றால் நான்கு விரல் உயரத்துக்கு வைக்கோலோ சருகோ போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம்.

உச்சிவெயிலில் இலை தொங்கியதும் குடம் குடமாக ஊற்றுகிறவர்கள்தான் செடியைக் கொல்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிட்டால் அது வெக்கை, தாகம் இல்லை. காலை ஏழு மணிக்கும் தொங்கினால் மண்ணில் இரண்டு அங்குலம் விரலை விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர், ஈரமாக இருந்தால் வேர் அழுகல், உடனே நிறுத்துங்கள். இலையோரம் கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிந்தால் போர் தண்ணீரின் உப்பு. தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரையோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரையோ அடித்துளை வழியே ஓடும் அளவுக்கு ஊற்றிக் கழுவ வேண்டும்.

இலையில் ஊசி குத்தியது போல் வெளிர்ப்புள்ளிகள் தெரிந்தால் அடிப்பக்கம் செம்பேன் இருக்கும். விடியற்காலையில் இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலத்தில் மட்டும். இந்த மாதங்களில் உரம் எதுவும் வேண்டாம். ஆவணிக்கு மேல் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம்; பெருந்தீனிக்காரச் செடி இது.

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் விழுந்ததும் கவலை பாதி தீர்ந்துவிடும். பணகுடி, கயத்தாறு பக்கம் ஆடிக்காற்று மிச்சம் இருக்கிறது. தண்டு மெத்தென்றது, சட்டென முறியும். கவட்டைக்குக் கீழே கம்பு நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள்.

இது ஊமத்தையின் உறவு, வேரிலிருந்து விதை வரை விஷம். ஊமத்தம்பூ என்று சிவனுக்குப் பறிக்கிறவர்களும் கையைக் கழுவ வேண்டும். சாறு கண்ணில் பட்டால் பாவை விரிந்து பார்வை மங்கும். ஆடு, குழந்தை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.