நைட்டுகள் யூனிட்டை 1291-இல் இருந்து படியுங்கள்

எம்.ஏ. வரலாறு ரிசல்ட் வந்தாச்சு. இடைக்கால ஐரோப்பா பேப்பர்தான் காலை வாரும் என்று சீனியர்கள் பயமுறுத்தியிருந்தார்கள்; எனக்கு அதில்தான் அதிக மார்க். இன்டர்னலில் கிள்ளிப் போடாமல் இருந்திருந்தால் இன்னும் கூடியிருக்கும், போகட்டும்.

நைட் என்றால் இடைக்கால ஐரோப்பாவின் குதிரை வீரன். 7 வயதில் பேஜ் (பிரபு வீட்டு ஏவலாள் பையன்), 14-இல் ஸ்குவயர் (நைட்டின் உதவியாள்), 21-இல் நைட், முந்தின இரவு கோயிலில் கண்விழிப்பு. இதை எல்லோரும் ஒரு பக்கம் எழுதுவார்கள். நீங்கள் மூன்று வரியில் முடித்துவிடுங்கள்.

எனக்கு மனப்பாடம் சுத்தமாக வராது. அதனால் ஒரே வருஷத்தைப் பிடித்துக்கொண்டேன்: 1291. அந்த வருஷம் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளிடம், புனித பூமியில் சிலுவைப் போராளிகளின் கடைசிப் பெரிய கோட்டையான ஏக்கர் நகரம் விழுந்தது. புனித பூமியைக் காப்பதாகச் சத்தியம் செய்த வீரத் துறவிகளுக்கு (துறவு பூண்ட நைட்டுகள்; ஹாஸ்பிட்டலர், டியூட்டானிக், டெம்ப்ளர் என்று மூன்று பெரிய அமைப்புகள்) அங்கே காக்க எதுவும் மிச்சமில்லை. கம்பெனி மூடிய பிறகு யார் எங்கே போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள், முழு யூனிட்டும் வரிசையாக வந்து நிற்கும்.

ஹாஸ்பிட்டலர்கள் (போப் அங்கீகாரம் 1113) சைப்ரஸ் வழியாக ரோட்ஸ் தீவுக்குப் போனார்கள். 1522-இல் துருக்கி சுல்தான் சுலைமான் முற்றுகையிட்டு அதையும் பறித்தார். 1530-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மால்டா தீவைக் கொடுத்தார். வாடகை, வருஷத்துக்கு ஒரு வல்லூறு! 1565-இல் துருக்கியரின் முற்றுகையைத் தாங்கினார்கள், 1798-இல் நெப்போலியனிடம் தீவை விட்டார்கள்.

டியூட்டானிக் நைட்டுகள் (ஜெர்மானியர்கள்) ஏற்கெனவே பால்டிக் கரையின் பிரஷ்யாவில் கால் ஊன்றியிருந்தார்கள். 1309-இல் மரியன்பர்க் தலைமையகம், 1410-இல் குரூன்வால்டில் போலந்து-லித்துவேனியப் படையிடம் தோல்வி. 1525-இல் தலைவர் ஆல்பிரெக்ட்டே போப்பை எதிர்த்த மார்ட்டின் லூத்தர் பக்கம் போய்ப் பிரஷ்யாவின் டியூக் ஆகிவிட்டார்.

டெம்ப்ளர்கள்தான் தனி நாடு தேடிக்கொள்ளவில்லை. மார்க் இருப்பது இங்கேதான், நிதானமாக எழுதுங்கள். இவர்கள் முத்திரையில் ஒரே குதிரையில் இரண்டு நைட்டுகள் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி முத்திரை குத்தியவர்களின் பாரிஸ் மாளிகையில்தான் பிரெஞ்சு அரசனின் கஜானா இருந்தது. பணமுடையில் இருந்த நான்காம் பிலிப் 1307 அக்டோபர் 13 அன்று பிரான்ஸ் முழுக்க இவர்களை ஒரே நாளில் கைது செய்தான். 1312-இல் போப் ஐந்தாம் கிளமென்ட் அமைப்பைக் கலைத்தார். 1314-இல் தலைவர் ஜாக் த மொலே எரிக்கப்பட்டார். சொத்தை ஹாஸ்பிட்டலர்களுக்குக் கொடுக்கச் சொன்னது போப். இந்த வரியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

போர்ச்சுகலை மறக்காதீர்கள். அங்கே டெம்ப்ளர் சொத்து 1319-இல் கிறிஸ்து அமைப்பு என்ற புதுப் பெயருக்கு மாறியது. பின்னால் இளவரசர் ஹென்றி அதன் நிர்வாகி. 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோடகாமாவின் கப்பல் பாய்களில் இருந்தது அந்த அமைப்பின் சிலுவைதான்.

அடுத்தது அரசர்களின் அமைப்புகள். இவர்கள் துறவிகள் இல்லை, கல்யாணம் செய்யலாம், விசுவாசம் அரசனுக்கு. இங்கிலாந்தின் கார்ட்டர் (கால்பட்டி) அமைப்பு சுமார் 1348, அரசனையும் சேர்த்து 26 பேர். பொன் கம்பளி அமைப்பு 1430, தொடங்கியவர் பர்கண்டி டியூக் பிலிப். கார்ட்டரைத் தொடங்கிய மூன்றாம் எட்வர்ட்தான் 1346-இல் கிரெஸியில் பிரெஞ்சு நைட்டுகளை வில்லாளிகளை வைத்துச் சாய்த்தவன். போர்க்களத்தில் நைட்டுகளின் மவுசு குறையக் குறைய அரண்மனையில் பதக்கம் கூடியது என்று எழுதினேன். திருத்தியவருக்குப் பிடித்திருக்க வேண்டும்.

எழுதக்கூடாதவை:
- சீமாட்டியின் கால்பட்டி நழுவியதால் கார்ட்டருக்கு அந்தப் பெயர் வந்தது என்ற கதை. பிற்காலத்துச் சரக்கு.
- டெம்ப்ளர் கைதால்தான் வெள்ளிக்கிழமை 13 கெட்ட சகுனம் ஆனது என்பது.
- புதையல், ரகசியச் சங்கம், யூடியூபில் பார்த்த எதுவும்.

மேப் கேட்டால் ஏக்கர், ரோட்ஸ், மால்டா, மரியன்பர்க் நான்கும் போதும்.

கைடு வாங்குகிறவர்கள் ஜாக்கிரதை. என்னிடம் இருந்ததில் மால்டாவை டெம்ப்ளர்களுக்கு எழுதி வைத்திருந்தார்கள்.

இந்த யூனிட்டில் எஸ்ஸே வராவிட்டாலும் படித்தது வீண் போகாது. நிலமானிய முறை வீழ்ச்சிக்கு கிரெஸியோடு 1302 கோர்ட்ராய் போரையும் சேருங்கள். பிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) நகரங்களின் காலாட்கள் பிரெஞ்சு நைட்டுகளைக் கொன்று, அவர்களின் தங்கக் குதிமுட்களை (குதிரையை முடுக்கக் குதிகாலில் மாட்டுவது) கழற்றித் தேவாலயத்தில் தொங்கவிட்டார்கள்.