வீணை இல்லாத சரஸ்வதி

"அம்மா, சேல் சரஸ்வதி பூஜைக்கு முன்னாடி முடியுமா, பின்னாடியா?"

நவராத்திரியின் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பெரியவள் இப்படிக் கேட்டாள். ஆறாம் வகுப்பு. போனில் ஒரு ஷூவைக் கூடையில் போட்டுவிட்டு விலை இறங்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொலுப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தக் கூடையை அவளுக்குத் திறந்து காட்டியவளே நான்தான். அதில் எனக்கான மிக்ஸியும் இருந்தது.

கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குப் போகலாம் என்று அத்தை சொன்னது சின்னவனுக்காக. அவனுக்கு மூன்றரை வயது. ஜூன் மாதமே ப்ரீகேஜியில் சேர்த்தாயிற்று. ஏபிசிடி பாதி வந்துவிட்டது. "இனிமே என்ன அத்தை வித்யாரம்பம்?" என்றேன்.

"அது ஸ்கூல்ல சேர்த்தது. இது அவகிட்ட சேர்க்கறது" என்றார். அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

2025-இல் சரஸ்வதி பூஜை அக்டோபர் 1-ஆம் தேதி. மறுநாள் விஜயதசமி, காந்தி ஜெயந்தியும் அன்றைக்கே. முந்தின நாள் இரவு சென்னையில் ரயில் ஏறி, விடியற்காலையில் மயிலாடுதுறையில் அத்தையின் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். சின்னத்தை குளித்து முடித்துப் பூஜைக்கு அடுக்க ஆரம்பித்திருந்தார். பழைய புத்தகங்கள், தாத்தாவின் கணக்கு நோட்டு, அரிவாள்மனை, கத்தரிக்கோல். நகர்த்த முடியாத தையல் மெஷினுக்கு இருந்த இடத்திலேயே சந்தனம், குங்குமம். பெரியவள் தன் கணக்குப் புத்தகத்தை ஓடிப்போய் அடியில் செருகினாள். அன்றைக்குப் படிக்கக்கூடாது என்பது அவளுக்கு மிகவும் பிடித்த சாஸ்திரம்.

அப்புறம் சின்னத்தை எங்களைப் பார்த்துக் கையை நீட்டினார். "போனெல்லாம் கொண்டாங்க. நீங்க படிக்கறது எழுதறது எல்லாம் இதுலதானே?"

என் கணவர் டிக்கெட் இருக்கிறது, ஆட்டோ கூப்பிட வேண்டும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை. மூன்று போன்கள், பெரியவளின் டேப்லெட், எல்லாம் ஒரு பட்டுத்துணிக்கு அடியில் போயின. உள்ளேயிருந்து ஒன்று இரண்டு தடவை உறுமியது. சேல் முடியப்போகிறது என்று நினைவூட்டியிருக்கும்.

அத்தை சொன்னார், சின்ன வயதில் சரஸ்வதி பூஜை அன்றைக்குத்தான் படிக்க வேண்டும் என்று கை பரபரக்குமாம். கடலை மடித்து வந்த காகிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, தப்புப் பண்ணிவிட்டோமோ என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாராம். பெரியவளுக்கு இது புரியவே இல்லை. சாயங்காலம் ஆக ஆகக் கொஞ்சம் புரிந்திருக்கலாம். பஸ்ஸில் டிக்கெட்டின் பின்பக்கத்தைப் புரட்டிப் படித்துக்கொண்டு வந்தாள்.

மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் போகும் பஸ்ஸில் ஏறினால் பூந்தோட்டத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து கூத்தனூருக்கு நடந்தே போகலாம். குறுவை அறுவடை நேரம். சாலையோரம் பாதி தார் தெரியாமல் நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். மழை வந்தால் மூட, தார்ப்பாய்கள் சுருட்டித் தயாராக இருந்தன. நாளைக்கு நெல்லில் எழுதப் போகிறாய் என்று சொல்லிச் சொல்லிக் கூட்டி வந்திருந்தோம் இல்லையா, சின்னவன் ஜன்னல் வழியே அவ்வளவு நெல்லையும் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் எழுதணுமா?" என்று அழுகைக்குத் தயாராகிவிட்டான்.

வழியில் ஒரு பள்ளியின் பேனர். 'விஜயதசமி சேர்க்கை நடைபெறுகிறது', பெரிய எழுத்தில் சலுகை, மூலையில் சின்னதாக அம்பாள் படம். கல்வி தொடங்கும் நாள்தானே, பேனர் வைத்தால் என்ன என்று கேட்கலாம். எனக்கு அந்த 'சலுகை' என்ற சொல்தான் உறுத்தியது.

கூத்தனூர் சின்ன ஊர்தான். சரஸ்வதிக்கென்று தனிக்கோயில் தமிழ்நாட்டில் அரிது என்பதால் நவராத்திரி முடிவில் பிள்ளைகளால் நிரம்பிவிடுகிறது. சோழர் அவைப் புலவர் ஒட்டக்கூத்தருக்கு இரண்டாம் இராசராச சோழன் தானமாகக் கொடுத்த ஊர், அதனால் கூத்தனூர் என்பார்கள். வரிசையில் நின்றபடி இதைச் சொன்னேன். "கவிதை எழுதினா ஊரே குடுப்பாங்களா?" என்றாள் பெரியவள். அவள் முகத்தில் ஒரு கணக்கு ஓடியது தெரிந்தது.

சன்னதியில் அம்பாள் வெண்பட்டில், தாமரையில் அமர்ந்திருக்கிறாள். பெரியவள் என் கையை இழுத்தாள். "வீணை எங்கே?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். மேற்கைகளில் அட்சமாலையும் அமிர்த கலசமும். கீழே இடக்கையில் புத்தகம், வலக்கையில் சின்முத்திரை. வீணை இல்லை. நோட்டு அட்டையிலும் காலண்டரிலும் பார்த்துப் பழகிய உருவத்தை வைத்துக்கொண்டு இங்கே தேடினால் கிடைக்காது. அத்தை குனிந்து அவளிடம், "அந்த விரலைப் பாரு. பாடம் நடத்தற முத்திரை அது. கிளாஸ் எடுக்கும்போது வாசிக்க முடியுமா?" என்றார். சொந்த வியாக்கியானம்தான், ஆனால் வரிசையில் பின்னால் நின்ற ஒரு அம்மாவும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

சரஸ்வதி பூஜையின் விசேஷம் பாத தரிசனம். அம்பாளின் பாதம் அர்த்த மண்டபம் வரை நீண்டிருப்பதுபோல் அலங்காரம் செய்து வைக்கிறார்கள். வருகிறவர்கள் தங்கள் கையாலேயே பூப் போடலாம். மற்ற நாளில் தட்டை நீட்டிவிட்டுத் தள்ளி நிற்கிற நாம் அன்றைக்குக் கிட்டே போகலாம். பெரியவள் உள்ளங்கை நிறையப் பூவை வைத்துக்கொண்டு வெகு நேரமாக வரிசையில் நகர்ந்ததில் பூ வியர்வையில் கசங்கியிருந்தது. கிட்டே போனதும் மொத்தமாகப் போடவில்லை. ஒவ்வொரு பூவாக, இடது பாதத்துக்கு ஒன்று, வலது பாதத்துக்கு ஒன்று என்று வைத்தாள். பின்னாலிருந்து "நகரும்மா, நகரும்மா" என்று குரல். கடைசிப் பூ வரைக்கும் அவள் நகரவில்லை. படம் எடுக்க என் கையில் போன் இல்லை.

வெளியே வரிசையாகக் கடைகள். சிலேட்டு, பலப்பம், பேனாக் கட்டு, நோட்டு, பலூன். நோட்டும் பேனாவும் பூவும் சேர்த்துக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பை, பூஜை செட்டாம். மறுநாள் காலைக்கு ஒன்று வாங்கினேன்.

"இதுவும் சேல்தானே அம்மா?" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. திருவிழா என்றால் கடைத்தெருவும் சேர்ந்ததுதான். நான் இந்த வயதில் ராட்டினத்துக்கும் ரிப்பனுக்கும் அழுதுதான் தேர் பார்த்தேன். யோசித்துப் பார்த்தால், அந்த ரிப்பன் வாங்கத் தேரடிக்குப் போக வேண்டும், தேர் வரும் வரை நிற்க வேண்டும். இந்த ஷூ வருவதற்கு யாரும் எங்கும் போக வேண்டியதில்லை. இதை அவளிடம் சொன்னேன். "ஆனா ஷூ விலை கம்மி" என்றாள். அதுவும் உண்மை. பூஜை செட்டில் இருந்த இரண்டு பேனாவில் ஒன்று எழுதவே இல்லை என்பது மறுநாள் தெரிந்தது.

விஜயதசமி அன்று இருட்டிலேயே கிளம்பினோம். பிராகாரம் முழுக்க அப்பாக்கள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மடியில் பிள்ளைகள், எதிரே தாம்பாளத்தில் நெல். ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் "சொல்லு, சொல்லு, அ!". சின்னவனை என் கணவர் மடியில் வைத்துச் சுட்டுவிரலைப் பிடிப்பதற்குள் அவனே நெல்லில் இரண்டு சாய்கோடும் குறுக்கே ஒன்றுமாகப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். ஆங்கில ஏ. அத்தை முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அர்ச்சகர் சிரித்தபடி உள்ளங்கையால் நெல்லைத் தடவிச் சமன் செய்து, "சரி, இப்ப அப்பாவோட சேர்ந்து" என்றார்.

பெரிய விரலுக்குள் சின்ன விரல். சுழித்து, வளைத்து, இழுத்து, கடைசியில் மேலிருந்து கீழே ஒரு கோடு. புது நெல் வழவழப்பு. கையை எடுத்ததும் ஓரங்கள் மெல்லச் சரிந்து, எழுத்து பாதி மூடிக்கொண்டது. "எங்க போச்சு?" என்றான் சின்னவன். மறுபடி எழுதினார்கள். மறுபடி சரிந்தது. அவனுக்கு அது விளையாட்டாகிவிட, அடுத்த பிள்ளை காத்திருக்கிறது என்று தூக்கிக்கொண்டு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

திரும்பும்போது பக்கத்திலேயே இருக்கும் திலதர்ப்பணபுரியில் மனித முகத்தோடு இருக்கும் ஆதி விநாயகரையும் பார்த்தோம். "இவருக்கு இன்னும் யானைத்தலை வைக்கலையா?" என்றான் சின்னவன். நல்ல தரிசனம், கூட்டமில்லை.

ஊர் திரும்பியபோது பக்கத்து வீட்டில் ஷூ பார்சலை வாங்கி வைத்திருந்தார்கள். பெரியவள் பிரித்துப் போட்டுப் பார்த்தாள். ஒரு அளவு சின்னது. திருப்பி அனுப்ப வேண்டும், பெட்டியோடு. நான் போனில் அதற்கான பட்டனைத் தேடிக்கொண்டிருந்தபோது சமையலறையில் டின் மூடி விழும் சத்தம். போய்ப் பார்த்தால், சின்னவன் அந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கவிழ்த்துப் போட்டு, நிறைய அரிசியைக் கொட்டி, அக்காவின் விரலைப் பிடித்து எழுதவைத்துக்கொண்டிருந்தான்.

"டேய், பெட்டியைக் கெடுத்துடாதடா, திருப்பி அனுப்பணும்!"

"சத்தம் போடாதம்மா, கோடு அழியுது" என்றாள் பெரியவள்.